பழைய காரின் மைலேஜைக் கூட்ட என்னென்ன எளிய மாற்றங்கள் செய்யலாம்?

உங்கள் கார் பதினைந்து, இருபது வருடப் பழசு, பெட்ரோலில் ஓடுவது, முன்பு கொடுத்த மைலேஜை இப்போது கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியென்றால் புதிதாக எதையும் மாட்டுவதற்கு முன்னால், அந்த கார் முதலில் கொடுத்துக்கொண்டிருந்ததைத் திரும்ப வாங்கப் பாருங்கள். பழைய காரில் எடுக்கக்கூடிய லாபத்தில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. மைலேஜ் கூடும் என்று சொல்லிக் காந்தமும் ஹைட்ரஜன் கிட்டும் விற்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குக் கீழே பதில் இருக்கிறது.

எதைத் தொடுவதற்கும் முன் அளந்துகொள்ளுங்கள். பம்ப் தானாக நிற்கும் முதல் 'டக்' வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்குங்கள். முக்கால் டேங்காவது ஓட்டிவிட்டு அதே பம்பில், அதே பக்கம் பார்த்து நிறுத்தி, மறுபடி முதல் 'டக்' வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் அதுதான் மைலேஜ். டேங்க் முள்ளை வைத்துச் சொல்லும் கணக்கெல்லாம் கணக்கே இல்லை. டயர் அளவை மாற்றியிருந்தால் இன்னொரு சிக்கல்: 155/80 ஆர்13 இருந்த இடத்தில் 165/80 ஆர்13 போட்டால் விட்டம் கிட்டத்தட்ட 3 சதவீதம் கூடும். நிஜத்தில் 100 கி.மீ. ஓடினால் மீட்டர் 97தான் காட்டும். மைலேஜ் குறைந்துவிட்டதாகப் புலம்புகிறவர்களில் சிலருக்குக் குறைந்தது மீட்டரில் மட்டும்தான்.

முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல் இருக்கட்டும்; எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்துவைக்கும் வால்வு அது. எஞ்சின் 80 டிகிரிக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தால், இன்ஜெக்ஷன் காரில் கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த எஞ்சின் என்று எண்ணிக் கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். கார்புரேட்டர் காரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல், கலவை சிலிண்டருக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரில் படியும். இரண்டிலும் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் போய்ச் சேரும். சோதிப்பது சுலபம். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடம் குளிர்ச்சியாகவே இருந்து, பிறகு சட்டென்று சூடேற வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே வால்வே இல்லை. நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் டெம்பரேச்சர் முள் இறங்குவதும் இதே அறிகுறிதான். கழற்றிய வால்வைத் தெர்மாமீட்டரோடு தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியில் (பெரும்பாலும் 82 அல்லது 88) திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறும்போது முழுதாகத் திறக்க வேண்டும். புதிதைப் போடும்போது ஸ்பிரிங் எஞ்சின் பக்கம், காற்று வெளியேறும் சின்னத் துளை மேல் பக்கம். கேஸ்கெட்டும் புதிதாகவே இருக்கட்டும். பிறகு எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விட்டுக் கூலன்ட்டை நிரப்பிக்கொண்டே வந்தால் உள்ளே காற்று தங்காது.

"வெயில் ஊரில் தெர்மோஸ்டாட் தேவையே இல்லை, கழற்றி எறி" என்று கீழே கமென்ட்டில் யாராவது எழுதத்தான் போகிறார்கள். வெளியே எத்தனை டிகிரி என்பது பிரச்சினையே இல்லை. எஞ்சின் உள்ளே எத்தனை டிகிரி என்பதுதான் கேள்வி. போதாக்குறைக்குச் சில எஞ்சின்களில் வால்வைக் கழற்றினால் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது நெரிசலில் கொதிப்பதில் போய் முடியும்.

வால்வு சரியாக இருந்தும் பெட்ரோல் குடித்தால் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைப் பாருங்கள். டேஷ்போர்டு முள்ளுக்குத் தனி சென்சார், கம்ப்யூட்டருக்குத் தனி சென்சார் என்று வைத்திருக்கும் கார்கள் நிறைய. அதனால் முள் ஒழுங்காக நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல கார்களில் கம்ப்யூட்டருக்கான சென்சார் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தாலே ரெசிஸ்டன்ஸ் கூடி, கம்ப்யூட்டருக்கு எஞ்சின் எப்போதும் குளிராகவே தெரியும்.

கார் கம்ப்யூட்டரைப் படிக்க ஸ்கேனர் மாட்டும் ஓபிடி-2 சாக்கெட் உள்ள கார் என்றால் ஒரு சாதாரண ஸ்கேனர் போதும், பாதி வேலை முடிந்தது. (அமெரிக்காவில் விற்ற கார்களில் 1996 முதலும், ஐரோப்பியப் பெட்ரோல் கார்களில் 2001 முதலும் இது கட்டாயம்.) எஞ்சின் சூடான பிறகு ஃப்யூவல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். மைனஸ் 15 என்று நின்றால் எங்கிருந்தோ வேண்டாத பெட்ரோல் உள்ளே போகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், அல்லது பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டரில் கிழிசல். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸை உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரமோ வாசனையோ இருந்தால் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற சவ்வு போய்விட்டது, வேறு சோதனை வேண்டாம்.

பிளஸ் 15 காட்டினால் எல்லோரும் வேக்குவம் லீக்கை, அதாவது கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் புகும் ஓட்டையைத் தேடுவார்கள். தேடுங்கள். ஆனால் கூடவே ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ட்ரிம் பிளஸில் இருந்து பிளக் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் போதவில்லை என்கிறது சென்சார், அதிகம் என்கிறது பிளக். பிளக்கை நம்புங்கள். எக்ஸாஸ்ட் புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஓ2 சென்சார் கெட்டிருக்கும், அல்லது அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று சென்சாருக்குப் போகும். நல்ல சென்சார் 2500 ஆர்பிஎம்மில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே துள்ளிக்கொண்டிருக்கும். பத்து விநாடியில் ஐந்தாறு முறையாவது ஏறி இறங்க வேண்டும். மந்தமாக ஊர்ந்தால் மாற்றிவிடலாம். மாற்றும்போது மரைக்கு மட்டும் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை), நுனியில் ஒரு துளிகூடப் படக் கூடாது. பக்கத்தில் சாதாரண சிலிக்கோன் பசை பயன்படுத்தினால் அதன் ஆவியே சென்சாரைக் கொன்றுவிடும்.

கார்புரேட்டர் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஸ்கேனர் கதை எதுவும் வேண்டாம். சூடான எஞ்சினில் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினால் சோக் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் எல்லா வேகத்திலும் பெட்ரோல் கூடுதலாகப் போகும். அடுத்தது பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ், அதாவது பொறியை முன்கூட்டியே விடவைக்கும் பாகம்; யாருமே பார்க்காத இடம். எஞ்சினை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரிலிருந்து வரும் ஹோஸை உருவி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். உள்ளே தகடு நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். நகரவே இல்லை, அல்லது நகர்ந்து உடனே திரும்பிவிட்டது என்றால் தகடு இறுகியிருக்கிறது அல்லது டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. சீரான வேகத்தில் போகும்போது பத்து டிகிரிக்கு மேல் அட்வான்ஸ் தருகிற சாமான் அது. அது செத்திருந்தால் ஐடில் டைமிங்கை எவ்வளவு துல்லியமாக வைத்தும் சாலையில் மைலேஜ் வராது.

இனி பிரேக். ஒரு பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நான்கு டிஸ்க், டிரம்மிலும் காட்டுங்கள். ஒரு சக்கரம் தன் ஜோடியைவிட 30, 40 டிகிரி கூடுதலாக இருந்தால் அது பிடித்துக்கொண்டே ஓடுகிறது. கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும். அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்துச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஆயிலைத் திரும்ப விடாமல் வைத்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரில் கோளாறு. நிப்பிளைத் திறந்தும் விடுபடாவிட்டால் கேலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துருப்பிடித்திருக்கிறது. பின்களைச் சுத்தம் செய்து பிரேக்குக்கென்று வரும் சிலிக்கோன் கிரீஸ் மட்டும் தடவுங்கள். பெட்ரோலியம் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதி மறுபடி இறுகும். பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளைச் சந்தேகியுங்கள். பழகாத ஆள் பிரேக்கில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் பாயாதீர்கள். சோதனையை நீங்கள் செய்யுங்கள், வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

டயர் காற்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான்கிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் சுமார் 0.2 சதவீத மைலேஜ் போகும். டிரைவர் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கர் அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயரின் உச்ச வரம்பு, அதை வைத்தால் பிரேக் பிடிப்பு குறையும்.

ஏர் ஃபில்டர் பற்றி ஊர் முழுக்கத் தப்பான நம்பிக்கை. இன்ஜெக்ஷன் காரில் அடைத்த ஃபில்டரை மாற்றினால் இழுவை திரும்பும், மைலேஜில் பெரிதாக எதுவும் மாறாது; அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்தே சொல்லியிருக்கிறது. கார்புரேட்டர் காருக்குத்தான் லாபம். இரிடியம் பிளக் ஆயுள் தரும், மைலேஜ் தராது. ஆயில், மேனுவல் அனுமதிக்கும் கிரேடுகளில் மெல்லியதைப் போட்டால் 1, 2 சதவீதம் வரும். அனுமதிக்காததைப் போடாதீர்கள்.

ஹெட்லைட்டை எல்இடியாக மாற்றினால் மைலேஜ் கூடும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. இரண்டு 55 வாட் பல்பையும் மாற்றினால் மிச்சமாவது 60, 70 வாட். இரவில் மட்டும், ஒரு சதவீதம்கூடத் தேறாது.    

இப்போது கிட் விற்பவர்களுக்கு. ஹைட்ரஜன் கிட் தண்ணீரைப் பிரிக்க மின்சாரம் எடுப்பது உங்கள் ஆல்டர்னேட்டரிலிருந்து. பெட்ரோலின் ஆற்றலில் கால்வாசிதான் எஞ்சினில் வேலையாக மாறுகிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் ஆல்டர்னேட்டரில் மின்சாரமாகிறது. அதிலும் ஒரு பங்கு தண்ணீரைப் பிரிப்பதில் சூடாகப் போகிறது. நூறு ரூபாய் கொடுத்துப் பத்து ரூபாய் வாங்குவதற்கு வயரிங் எதற்கு? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகளை நூற்றுக்கும் மேல் ஆராய்ந்ததில் மிகச் சிலவற்றில்தான் ஏதோ சொற்ப லாபம் தெரிந்தது. "என் காரில் கூடியதே" என்பீர்கள். கிட் மாட்டிய வாரம் காற்று நிரப்பி, ஆக்ஸிலரேட்டரை மென்மையாக மிதித்திருப்பீர்கள்.

உண்மையிலேயே எதையாவது மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தைப் பாதரச அங்குலத்தில் காட்டும் வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். த்ராட்டில் தகட்டுக்குப் பின்னால், மேனிஃபோல்டிலிருந்து வரும் ஹோஸில் ஒரு டி-இணைப்பு போட்டால் போதும். கடல் மட்டத்தில், சூடான எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலத்தில் முள் அசையாமல் நிற்க வேண்டும். உயரம் 300 மீட்டர் ஏறினால் ஓர் அங்குலம் குறையும். 14, 15இல் நிலையாக நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். 2500 ஆர்பிஎம்மில் பிடித்திருக்கும்போது முள் மெல்லச் சரிந்துகொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைத்திருக்கிறது. ஓட்டும்போது முள்ளைப் பத்துக்குக் கீழே விடாமல் மிதிக்கப் பழகினால், கார்புரேட்டரில் கூடுதல் பெட்ரோல் வழி திறக்காது.

கூரை கேரியரைக் கழற்றுங்கள். மேலே பெட்டியும் இருந்தால் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை அது தின்னும். பெல்ட்டில் ஓடும், கிளட்ச் இல்லாத பழைய ஃபேனை மின்விசிறியாக மாற்றுவதும் நல்ல வேலைதான். 40 ஆம்பியர் ரிலே, 30 ஆம்பியர் ஃப்யூஸ், 4 சதுர மில்லிமீட்டர் வயர், தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டைவிட 10 டிகிரி மேலே வேலைசெய்யும் தெர்மோ ஸ்விட்ச். விசிறியைச் சுற்றியிருக்கும் பழைய கூட்டை (ஷ்ரவுட்) கழற்றி எறியாமல் அதற்குப் பொருந்தும் விசிறியாக வாங்குங்கள். ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையைத் தாங்குமா என்று முதலிலேயே பாருங்கள். ஸ்விட்ச் செத்தால் எஞ்சின் கொதித்துவிடும் என்பதால் டேஷ்போர்டில் கையால் போடும் ஸ்விட்ச் ஒன்றையும் இணையாகக் கொடுத்துவிடுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. செய்தபின் இரண்டு டேங்க் ஓட்டி அளந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.