‘த டெத் ஒஃப் ஸ்லிம் ஷேடி’ குப்பையா என்று தீர்ப்புச் சொல்ல முன்னம்

கேள்வி: அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் ‘த டெத் ஒஃப் ஸ்லிம் ஷேடி’ அல்பத்தை எங்கட திருகோணமலையில் ராப் கேட்கிற பொடியன்களில் பாதிப்பேர் குப்பை என்கிறார்கள். மிச்சப்பேர் மனுசன் பழைய தரத்துக்குத் திரும்பிவிட்டார் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்:

இரண்டு கட்சியிலும் முக்கால்வாசிப்பேர் அந்த அல்பத்தை இன்னும் கேட்கவில்லை, தம்பி. கேட்டது வேறெதையோ. “நாங்கள் முழுசாகத்தான் கேட்டோம்” என்று சண்டைக்கு வர முன்னம் கொஞ்சம் பொறுங்கள். கேட்ட ஆக்களை நான் குறைசொல்லவில்லை, கேட்ட வழியைத்தான் சொல்கிறேன்.

அல்பம் 2024 ஜூலை 12 இல் வந்தது. மொத்தம் 19 தடங்கள், அதில் மூன்று வெறும் பேச்சுத் துண்டுகள். வெளிவர முதலே எமினெம் தன் சமூக வலைப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டார்: இது ஒரே கதையாகப் போகும் அல்பம், வரிசை மாற்றிக் கேட்டால் விளங்காமல் போகலாம் என்று. அந்த நேரம் பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பொட்டிஃபையின் இலவசக் கணக்கைப் போனில் வைத்திருந்தவர்களுக்கு அல்பத்தைத் தட்டினால் ஷஃபிளில்தான், அதாவது வரிசை கலைந்துதான் ஓடும். நீங்களும் அனேகமாக அப்படித்தான் கேட்டிருப்பீர்கள். நடப்பது என்ன? 15 ஆவது தடம் ‘டெம்பரரி’, தான் செத்த பிறகு மகள் கேட்கவென்று ஒரு தகப்பன் விட்டுப்போகும் பேச்சு. அது முடிய ஷஃபிள் 4 ஆவது தடத்தை இழுத்து வரும். அது ‘பிரண்ட் நியூ டான்ஸ்’, குதிரையால் விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்து 2004 இல் இறந்துபோன நடிகர் கிறிஸ்டோபர் ரீவை வைத்துப் பகிடி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவன் “இந்தாளுக்கு மண்டை பிழைத்துவிட்டது” என்று சொல்லாமல் வேறென்ன சொல்வான்?

கதை இதுதான். ஸ்லிம் ஷேடி என்பது 1990களின் கடைசியில் மார்ஷல் மதர்ஸ் (எமினெமின் சொந்தப் பெயர்) தனக்கென்று உண்டாக்கிய கெட்ட வேடம். முதல் 12 தடங்களில் அந்த வேடம் மனுசனைப் பிடித்து ஆட்டுகிறது. 13 ஆவது ‘கில்ட்டி கொன்ஷன்ஸ் 2’ இல் இருவரும் நேருக்கு நேர் மோதுகிறார்கள், அங்கே ஒரு சாவு விழுகிறது. அதற்குப் பிறகு பேசுவது மார்ஷல். ஆக, 13 ஐக் கேட்காமல் 4 ஐப் பற்றித் தீர்ப்புச் சொல்லவே முடியாது. சொல்லலாம், ஆனால் அது நாடகத்தில் இராவணன் வேடம் கட்டியவனை மேடையை விட்டு இறங்கிய பிறகு அடிக்கப் போன கதையாக முடியும்.

சரி, ஒழுங்காகக் கேட்பது எப்படி? காசு கட்டத் தேவையில்லை. கணினியில் பிரவுசரைத் திறந்து அதே இலவசக் கணக்கால் உள்ளே போனால் விளம்பரம் இடையில் வரும், வரிசை குலையாது. கணினி இல்லாவிட்டால் யூடியூபில் முழு அல்பமும் பட்டியலாக இருக்கிறது. பட்டியலுக்கு மேலேயுள்ள குறுக்கு அம்புக்குறி அணைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஸ்பொட்டிஃபை செயலியின் அமைப்புகளில் ‘கிரொஸ்ஃபேட்’ என்று ஒன்று உண்டு, ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததின் தொடக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்துவிடும். பன்னிரண்டு செக்கனில் வைத்திருக்கிற ஆக்கள் இருக்கிறார்கள், அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த அல்பத்தில் பாட்டு முடிகிற இடத்திலும் தொடங்குகிற இடத்திலும் பேச்சுத்தான் கதையைக் கொண்டுபோகிறது. கிரொஸ்ஃபேட் அதை அடுத்த பாட்டின் தாளத்துக்குள் மூழ்கடித்துவிடும்.

அதைவிட முக்கியமானது, பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சதுரத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்து இருக்கிறதா என்பது. இல்லாவிட்டால் நீங்கள் கேட்பது கெட்ட வார்த்தை வெட்டிய பதிப்பு. குடும்பக் கணக்கில் வீட்டார் கெட்ட வார்த்தை வடிகட்டியைப் போட்டு வைத்திருந்தால் வெட்டாத பதிப்பு ஓடாது. எமினெமுக்கு இது மற்றவர்களை விடக் கூடுதலான சேதம். ஏனென்றால் அவர் வரியின் கடைசிச் சொல்லை மட்டும் ஒலிக்கவைப்பவர் அல்ல. எங்கட எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதும். அவர் மூன்று நான்கு அசைகளின் உயிரொலியைக் கோர்வையாகப் பிடித்து வரி முழுக்க இழுப்பார். ‘ஒரஞ்ச்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இயைபே கிடையாது என்று சொல்வார்கள். 2010 இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் அதை ‘டோர் ஹிஞ்ச்’, ‘போர் இஞ்ச்’, ‘ஸ்டோரிஜ்’, ‘பொரிஜ்’ என்று அடுக்கிக் காட்டினார். எழுத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை, வாயில் வைத்து வளைத்தால் எல்லாம் ஒன்று. இப்படிக் கட்டிய வரியில் நடுச்சொல் ஒன்றை வெட்டினால் போவது ஒரு சொல் அல்ல, அதைத் தாங்கி நின்ற இரண்டு வரியும்தான். “ஃபுளோ (சொல்லோட்டம்) உடையுது” என்று எழுதியவர்களில் சிலர் கேட்டது இந்த ஓட்டையைத்தான் என்பது என் கணக்கு.

டேட்டா கவலை இருந்தால்: 160 கிலோபிட் தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 72 மெகாபைட், 320 இல் அதன் இரட்டிப்பு. குரலுக்கு 160 தாராளம். ‘தானியங்கி’ என்று விட்டீர்களென்றால் சிக்னல் குறைகிற இடத்தில் அது தரத்தைக் கீழே இறக்கும். அப்போது முதலில் நசிபடுவது ‘ச’, ‘த’ போன்ற கூர் ஒலிகள், அதாவது வேக ராப்பின் உயிர். இன்னொன்று, 2024 செப்டெம்பரில் மேலதிகப் பாட்டுகளோடு ஒரு விரிவாக்கிய பதிப்பும் வந்தது. கையில் அது கிடைத்தால் 19 ஆவது தடமான ‘சம்பொடி சேவ் மீ’யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதை அங்கே முடிகிறது.

இனிக் கேட்கும் பெட்டி. போன் ஸ்பீக்கர் ஏறத்தாழ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒன்றையும் உருப்படியாகத் தராது. இந்த வகைப் பாட்டின் பேஸ், அதாவது அடி ஒலி, 40 முதல் 60 ஹேர்ட்ஸ் பக்கம் உட்கார்ந்திருக்கும். அது போனால் மிஞ்சுவது கைதட்டு மாதிரி ஒரு ஓசையும் மூக்குக் குரலும்தான். பிறகு “பீட் தகரம் மாதிரி” என்கிறார்கள். தகரம் உங்கள் கையில் இருக்கிறது. ஆடிக் கச்சான் அடிக்கிற நேரம் உப்புவெளிக் கடற்கரையில் காதை அடைக்காத இயர்போனோடு கேட்டாலும் இதே கதை. காற்றின் இரைச்சல் கீழ் ஒலிகளை விழுங்க, நீங்கள் சத்தத்தைக் கூட்ட, கூர் ஒலி மட்டும் காதைக் குத்தும். ரப்பர் முனை உள்ள மலிவான வயர் இயர்போன் இதை விட மேல். முனை காதுத் துளைக்கு அளவாக இல்லாமல் காற்றுப் போனால் பேஸும் அதோடு போகும், பெரிய முனையை மாட்டிப் பாருங்கள்.

ஓட்டோக்காரரும் கவனிக்க வேண்டியது ஒன்று. போனை ஸ்பீக்கர் செட்டோடு இணைக்கிற ஓக்ஸ் வயர் அரைகுறையாகச் செருகியிருந்தால் தரை இணைப்பு விட்டுப்போய் இடது வலதுக்கு இடையேயான வித்தியாசம் மட்டும் ஒலிக்கும். நடுவில் வைத்த எல்லாம், அதாவது பாட்டுக்காரன் குரல், கிக் (பெரிய டிரம்மின் அடி), பேஸ், மூன்றும் காணாமல் போய், பின்னணிக் குரலும் எதிரொலியும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். “குரலைப் புதைத்து மிக்ஸ் பண்ணியிருக்கிறார்கள்” என்று அடித்துச் சொல்பவர்கள் வயரை ஒருக்கா அமத்திப் பார்க்கவும்.

இவ்வளவையும் சரிசெய்து கேட்டால் அல்பம் எப்படி? என் தீர்ப்பு: 13, 15, 19 மூன்றும் உண்மையில் பெரிய வேலை. முதல் பாதி தேவைக்கு மேல் நீளம். 14 க்குப் பிறகு கதை கையை விட்டு நழுவுகிறது.

‘கில்ட்டி கொன்ஷன்ஸ்’ முதற்பாகம் 1999 இல் வந்தது. அதில் நல்ல மனச்சாட்சி ராப்பர் டொக்டர் ட்ரே, கெட்ட மனச்சாட்சி ஸ்லிம். 2024 இல் இரண்டு குரலும் அவரே. ஸ்லிமுக்கு 2000 ஆம் ஆண்டுப் பக்கத்துக் கூரான மூக்குக் குரல், மார்ஷலுக்கு இப்போதைய தடித்த குரல். வரி மாறும்போது மூச்சு எடுக்கிற இடமும் மாறுவதைக் கவனியுங்கள், இருவர் அறைக்குள் நிற்கிற மாதிரியே இருக்கும். ‘சம்பொடி சேவ் மீ’ அமெரிக்கப் பாடகர் ஜெலி ரோலின் பாட்டு ஒன்றின் மேல் கட்டியது. எமினெம் 2007 டிசம்பரில் மாத்திரை அளவு மிஞ்சிச் சாவின் வாசல் வரை போய்வந்தவர், 2008 ஏப்ரலிலிருந்து போதையைத் தொடாதவர். அன்று தப்பியிருக்காவிட்டால் பிள்ளைகளின் வாழ்க்கையில் எவற்றையெல்லாம் காணாமல் போயிருப்பேன் என்று அதில் எண்ணிப் பார்க்கிறார். வேகமில்லை, வித்தையில்லை. “முந்தின எமினெம் இல்லை” என்பவர்களுக்கு இது பிடிக்காததில் எனக்கு ஆச்சரியமும் இல்லை.

11 ஆவது தடமான ‘ஹூடினி’யைப் பழசைத் தூசிதட்டி விற்கிறார் என்று திட்டுகிறார்கள். 1982 இல் வந்த ஸ்டீவ் மில்லர் பாண்டின் ‘அப்ரகடப்ரா’வின் மெட்டு, 2002 ‘வித்தவுட் மீ’ வீடியோவின் சாயல், உண்மைதான். ஆனால் வீடியோவில் 2002 இன் ஸ்லிம் காலவாசல் வழியாக இன்றைக்கு வந்து இறங்குகிறான். பழசு பழசாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம். நோக்கம் சரி என்பதால் பீட் நல்லது என்று ஆகாது, அதுவும் உண்மை. இரண்டு தரம் கேட்டபின் அலுக்கிறது.

மெய்யான குறை வேறிடத்தில். முதல் பாதியில் இன்றைய இளசுகள் எல்லாவற்றுக்கும் மனம் நோகிறார்கள் என்ற ஒரே பகிடியைத் திருப்பித் திருப்பி அரைக்கிறார். மாற்றுப் பாலினத்தவர், உடல் இயலாதவர் என்று அடி எல்லாம் கீழே இருப்பவன் மேல். “பேசுவது ஸ்லிம், நான் இல்லை” என்ற சாக்குப்போக்கை 13 இல் அவரே கிழிக்கப் பார்க்கிறார். ஆனால் பகிடியையும் சொல்லி, மன்னிப்பையும் வாங்கி, கைதட்டலையும் எடுத்தால் அது கொஞ்சம் மலிவுதான். பிறகு 17 ஆவது ‘டோபி’. அதில் சேர்ந்து பாடும் ராப்பர்கள் பிக் ஷோனும் பேபிட்ரோனும் நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் வேடம் செத்த பிறகும் அதே வீறாப்பு என்றால் செத்தது யார்? 18 ஆவது பேச்சுத் துண்டின் தலைப்பே அவன் திரும்பிவிட்டான் என்று குறிப்புக் காட்டுகிறது, அதனால் இதுவும் திட்டம்தான் என்று விசிறிகள் சொல்வார்கள். இருக்கலாம். அப்படியானால் அந்தத் திருப்பத்துக்கு ஒரு பாட்டாவது கொடுத்திருக்க வேண்டும்.

“பில்போர்டில் (அமெரிக்க அல்பத் தரப்பட்டியலில்) முதலிடம்” என்று கணக்குக் காட்டுபவர்களுக்கு: ஆமாம், முதல் வாரம் 281,000 அலகுகள், டெய்லர் ஸ்விஃப்ட் 12 வாரம் விடாமல் பிடித்திருந்த இடம். “கிராமி கிடைக்கவில்லையே” என்பவர்களுக்கு: சிறந்த ராப் அல்பத்துக்கு முன்மொழியப்பட்டது, 2025 பெப்ரவரியில் ராப் பாடகி டோச்சி வாங்கிப் போனார். இரண்டு தகவலாலும் 17 ஆவது தடம் நல்லதாகவும் ஆகாது, 13 கெட்டதாகவும் ஆகாது.

“51 வயதில் ராப் எதற்கு” என்ற கதையை மட்டும் எனக்குச் சொல்ல வேண்டாம். கோயில் திருவிழாவில் எழுபது வயது நாதஸ்வர வித்துவானைப் பார்த்து ஓய்வெடுங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

சொல்லத் தொடங்கியதோடு இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று பின்னூட்டம் போடுவீர்கள், பரவாயில்லை. எமினெமைப் பற்றி இவ்வளவு கதைக்கிற ஊரில், ஒரு பொடியன் தமிழில் எழுதிய ராப்போடு மேடையேறினால் அவனுடைய மைக்குக்குப் பக்திப் பாட்டுக்குப் போட்ட எக்கோவை அப்படியே விட்டு வைக்கிறார்கள். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு நான்கு அசை என்றால் ஓர் அசைக்கு ஏறத்தாழ 167 மில்லிசெக்கன்தான். 300 மில்லிசெக்கன் கழித்துத் திரும்புகிற எக்கோ அடுத்தடுத்த அசைகளின் தலையில் விழுந்து சொல் எல்லாம் கூழாகிவிடும். பிறகு “ஒரு சொல்லும் விளங்கவில்லை, இதெல்லாம் ஒரு பாட்டா” என்று முன்வரிசையிலிருந்து சத்தம். ஒலிபெருக்கிக்காரர் யாராவது இதை வாசித்தால்: ராப் மைக்குக்கு எக்கோ பூச்சியம், 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, குரல் பின்னணியை விட ஒரு சொட்டு மேலே. பின்னணிப் பாட்டைப் போனிலிருந்து எடுக்கிறீர்களென்றால் போனை ‘விமானப் பயன்முறை’யில் போடுங்கள், நடுவில் யாராவது கோல் எடுப்பான்.