வண்டிக் கேள்விகள்: வளைவில் கல்லாகிப்போன ஸ்டீயரிங்

கேள்வி: ஐயா, போன மாதம் ஏற்காட்டிலிருந்து காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் திடீரென்று கல்லாகிவிட்டது. பின்சீட்டில் 72 வயது அம்மா. முழுப் பலத்தையும் போட்டு இழுத்துத்தான் திருப்பினேன். ஸ்டீயரிங் படம் போட்ட விளக்கும் எரிந்தது. ஓரங்கட்டி, சாவியை அணைத்து மறுபடி போட்டதும் பழையபடி லேசாகிவிட்டது. எங்கள் மெக்கானிக், “டார்க் சென்சார் தகராறு செய்கிறது, விளக்கு எரியாமல் செய்துவிடலாம்” என்கிறார். உள்ளே இரண்டு சென்சார் உண்டாமே? ஒன்று கெட்டால் இன்னொன்றை வைத்து ஓடக் கூடாதா? மலைப்பாதையில் கைவிடுவதா பாதுகாப்பு?
– ஓர் ஆசிரியை, சேலம்

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த வளைவில் வண்டி உங்களைக் கைவிடவில்லை. தனக்குக் கிடைத்த தகவலை நம்ப முடியாது என்று கண்டதும், ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் மின்மோட்டாரை விலக்கிக்கொண்டு, ஸ்டீயரிங்கை முழுவதுமாக உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டது.

ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கும் தண்டு ஒரே துண்டு அல்ல. நடுவில் பிரித்து, மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றால் இணைத்திருப்பார்கள். டார்ஷன் பார் என்று பெயர். நீங்கள் திருப்பும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கும். அந்த இழுபறியில் கம்பி சிறிதளவு முறுக்கிக்கொள்ளும். எந்தப் பக்கம், எவ்வளவு முறுக்கு என்று அளப்பதே டார்க் சென்சார். அது சொல்வதைக் கேட்டுத்தான் மோட்டார் உங்களுக்குக் கைகொடுக்கிறது. இரண்டு தண்டுகளும் சில டிகிரிக்கு மேல் விலகாதபடி உலோகத் தடுப்பும் இருக்கிறது. மின்சாரம் முழுதாகப் போனாலும் உங்கள் கைக்கும் சக்கரத்துக்கும் உள்ள இணைப்பு அறுந்துவிடாது.

இனி அந்த இரண்டு சென்சார்கள். கோவையில் பட்டறை வைத்திருந்தபோது, இப்படியொரு ஸ்டீயரிங் தொகுதியை மேசையில் கிடத்தி, இரண்டு சிக்னல் கம்பிகளிலும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். தொடாமல் இருந்தபோது இரண்டிலும் 2.5 வோல்ட். லேசாக வலப்பக்கம் அழுத்தினால் ஒன்று 2.8, மற்றது 2.2. இன்னும் அழுத்தினால் 3.1, 1.9. என்னுடன் இருந்த பையன் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவன், “அண்ணா, எப்படிக் கூட்டினாலும் 5தான் வருகிறது” என்றான். அதுதான் விஷயம். எல்லா வண்டியிலும் இதே அளவுகள் இருக்காது. புதியவற்றில் டிஜிட்டல் சிக்னல் வருகிறது. ஆனால் ஒன்று ஏறினால் மற்றது அதே அளவு இறங்க வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பல வண்டிகளில் பார்க்கலாம். சிக்னல் கம்பி அறுந்தாலும், எங்காவது உரசி ஷார்ட் ஆனாலும் கூட்டுத்தொகை தவறிவிடும். இரண்டும் ஒரே திசையில் நகரும்படி வைத்திருந்தால், இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும் கோளாறு தெரியாமலே போய்விடும். இதை யோசித்துச் செய்தவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

ஒன்றை வைத்து ஓடக் கூடாதா என்கிறீர்கள். இரண்டு சாட்சிகள் முரணாகப் பேசினால் ஒருவர் பொய் சொல்கிறார் என்பதுதான் தெரியும். யார் என்று தெரியாது. பொய்யானவரை நம்பினால் என்ன ஆகும்? நீங்கள் நேராகப் போகிறீர்கள். ‘வலப்பக்கம் பலமாகத் திருப்புகிறார்’ என்கிறது கெட்ட சென்சார். மோட்டார் அந்தப் பக்கமே தள்ளும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடிக்குள் வண்டி 11 மீட்டர் போய்விடும். கனத்த ஸ்டீயரிங்கை மனிதர் சமாளிக்கலாம், தானாகத் திரும்பும் ஸ்டீயரிங்கைச் சமாளிக்க நேரமே கிடைக்காது. 2011இல் வந்த ஐஎஸ்ஓ 26262 என்ற வாகன மின்னணுப் பாதுகாப்புத் தரத்தின்படி, ஸ்டீயரிங் தானாகத் திரும்பும் ஆபத்தைப் பொதுவாக ஆகக் கடுமையான ‘டி’ நிலையில் வைக்கிறார்கள். உதவி நின்றுபோனாலும் பயணிகள் காரைத் திருப்பத் தேவையான கைவிசை 300 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.நா.வின் ஒழுங்குமுறை எண் 79. ஏறத்தாழ 30 கிலோவைத் தூக்கும் பலம் அது. உங்களுக்குக் கல்லாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அதற்காக இது சிறிய கோளாறு என்று எண்ண வேண்டாம். 2014 மே மாதம் ஃபோர்டு நிறுவனம் வட அமெரிக்காவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட எஸ்கேப், மரைனர் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஸ்டீயரிங் தண்டிலிருந்த டார்க் சென்சார் கோளாறால் ஓட்டத்தில் உதவி நின்றுபோகலாம் என்பதே காரணம்.

மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியானதை நம்பாதீர்கள். ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் சாவியை அணைக்கும்வரை மோட்டார் பொதுவாகத் திரும்ப வராது. மறுபடி போடும்போது புதிதாகச் சோதித்துக்கொள்ளும். விட்டுவிட்டு வரும் கோளாறு அந்தச் சோதனையில் தேறிவிடும். அடுத்த குலுக்கலில் மீண்டும் தலைகாட்டும்.

ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். அழித்த பிறகு அல்ல, அழிப்பதற்கு முன். பேட்டரி, எர்த் இணைப்பு, சென்சார் கனெக்டர் மூன்றையும் பார்த்த பிறகே சென்சாரை மாற்றும் பேச்சு. வோல்டேஜ் தாழ்ந்தாலும் இதே மோட்டார் ஒதுங்கிக்கொள்ளும். சென்சாரையோ தொகுதியையோ மாற்றினால், ஸ்டீயரிங்கில் கை வைக்காமல் பூஜ்ஜிய நிலையைப் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் கொடுத்த வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

விளக்கை அணைப்பது பற்றி. பழைய கார் வாங்கிய ஒருவர், மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது ஸ்டீயரிங் அடிக்கடி கனக்கிறது என்று கொண்டுவந்தார். மீட்டர் பலகையைக் கழற்றினேன். அந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. விற்றவரோ, அவருடைய மெக்கானிக்கோ. அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது. அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. பழுது பார்க்கும்வரை மலைப்பக்கம் போகாதீர்கள். அம்மாவை பஸ்ஸில் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஸ்டீயரிங் தண்டே இல்லாத கார்கள் வருகின்றனவே, அங்கே சந்தேகம் வந்தால் எப்படி ஒதுங்குவது?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ஒதுங்க முடியாது, தம்பி. 2013இல் வந்த இன்ஃபினிட்டி க்யூ50 காரில் மூன்று கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒன்றையொன்று கண்காணித்தன. மூன்றும் கைவிட்டால் ஒரு கிளட்ச் மூடிக்கொண்டு பழைய தண்டை இணைத்துவிடும். 2023இல் வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் அந்தத் தண்டும் இல்லை. அங்கே ஒரு கருவி பழுதானாலும் மற்றொன்று திருப்பியே ஆக வேண்டும். மேலே அந்த ஆசிரியை கேட்டதைத்தான் இப்போது பொறியாளர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள்.