ஊர் பார்ப்பது எப்படி?

கேள்வி: பினாங்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், விடுமுறைக்குத் திருகோணமலை வந்திருக்கிறேன். "அங்க என்ன பார்த்தாய்?" என்று அம்மம்மா கேட்டால் போனில் இருக்கும் படங்களைக் காட்டுவதோடு சரி, சொல்ல ஒன்றும் வருவதில்லை. கோலாலம்பூர், லங்காவி என்று சுற்றக் கையில் காசும் இல்லை. என்ன செய்யலாம்? (உப்புவெளி வாசகி)

பதில்: தங்கச்சி, கோலாலம்பூர் எங்கேயும் ஓடிவிடாது. இப்போதைக்குப் பினாங்கையே பாருங்கள். நானும் அங்கே படித்தவள் என்பதால் ஆசையோடு சொல்கிறேன், ஒரே ஒரு வீதியில் தொடங்குங்கள். ஜோர்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வீதி இருக்கிறதே, அதிலும் அதையொட்டியும் 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், பக்கத்துக் குயின் வீதியில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயில், அப்புறம் தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் நிறுவிய அந்தப் பள்ளிவாசல், எல்லாமே நடக்கும் தூரம். ஒரு தடவை போய்ப் படம் எடுத்தால் அது நாலு கட்டடம், அவ்வளவுதான். வெள்ளி மதியம் தொழுகை முடிந்து சனம் வெளியே வரும்போது போங்கள், ஞாயிறு காலை போங்கள், சீனருக்குப் பௌர்ணமி நாளில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும்போதும் போங்கள். அப்போதுதான் அங்கே இருக்கிறவர்கள் உங்கள் கண்ணில் படுவார்கள்.

தைப்பூசத்தை மட்டும் தவறவிடாதீர்கள். முதல்நாள் வெள்ளி ரதம் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைப் பக்கம் போகிற வழியெல்லாம் வீதியோரம் தேங்காய் குவித்து வைத்திருப்பார்கள். நம் ஊரிலும் தேருக்குச் சிதறு தேங்காய் அடிக்கிறோம், ஆனால் அங்கே சீனக் குடும்பங்கள் தேங்காய்க் குவியலில் ஊதுபத்தி குத்திக் கும்பிட்டுவிட்டு, ரதம் கிட்ட வந்ததும் பிள்ளைகுட்டிகளோடு நின்று அடிக்கும் வேகம் வேறு. தண்ணீர் தெறித்து உடுப்பெல்லாம் நனையும், ஓடு காலில் குத்தும், நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு போங்கள். "எங்கட கோணேசர் கோயிலில் இப்படி இல்லையே" என்று அங்கே நின்று ஒப்பிட வேண்டாம், ஏன் அடிக்கிறீர்கள் என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் கேளுங்கள், சொல்வார்கள்.

சாப்பாடும் அப்படித்தான். நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்று, கறிகளின் குழம்பை ஒன்றோடொன்று கலந்து சோற்றில் ஊற்றச் சொல்லிச் சாப்பிடுங்கள். ஒருகாலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவுதடியில் சோறும் கறியும் சுமந்து வீதி வீதியாக விற்ற சாப்பாடு அது, அம்மம்மாவுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா? மலாய்க்காரர் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான், ஆனால் ஆட்காட்டி விரலை நீட்டி எதையும் காட்டாதீர்கள், அவர்கள் பெருவிரலால்தான் காட்டுவார்கள்.

இரவில் ஒரு கொப்பியில் நாலு வரி எழுதிவையுங்கள். தேங்காய் என்ன விலை, யார் என்ன சொன்னார், மழை பெய்ததா. அம்மம்மா கேட்பது அதைத்தான்.

கேள்வி: மகனோடு வெளிநாட்டில் படிக்கும் சீனப் பெடியன் ஒருவன் எங்கள் வீட்டுக்கு வருகிறான். ஒரே நாளில் எதைக் காட்டுவது? (ஒரு தாய், திருகோணமலை)

பதில்: அக்கா, காலை வெயில் ஏறமுதல் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், மாற்று உடுப்பு வேண்டும். மத்தியானம் உங்கள் கைச் சாப்பாடு, கடையில் வாங்கவே வேண்டாம். பின்னேரம் பிரட்ரிக் கோட்டை வாசலால் நடத்திக் கூட்டிப்போங்கள், மான்கள் கிட்ட வரும். பழைய கோணேசர் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கதையை மேலே ஏறும்போதே மகன் சொல்லட்டும், பூசை நேரத்துக்குக் கோணேசரிடம் போய்ச் சேரலாம். புறாத்தீவு மே முதல் செப்ரெம்பர் வரை சரி, மாரியில் கடல் கொந்தளிக்கும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.