பிராணவாயுக் குறைவுக்கு உடல் பழகும் என்றால், தூக்கத்தில் மூச்சு நிற்பவருக்கும் பழகிவிடாதா?

மலையேறுபவர்கள் திரும்பத் திரும்ப உயரத்திற்குச் சென்று பழகிக்கொள்வதைப் போல, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும் தம் அப்பாவின் உடலும் நாளடைவில் தேறிவிடாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் மலேசியாவின் தாப்பாவில் ஒரு கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுநர்களும், கேமரன் மலைக்குக் காய்கறி லோரி ஓட்டுபவர்களும் எங்களிடம் வருவதால், இந்தச் சந்தேகம் எனக்குப் புதிதன்று. உடல் இரண்டு நிலைகளுக்கும் பழகத்தான் செய்கிறது; ஆனால் மலையில் அது கற்றுக்கொள்வது ஒன்று, படுக்கையில் கற்றுக்கொள்வது வேறொன்று.

உயரத்தில் காற்றிலுள்ள பிராணவாயுவின் பங்கு குறைவதில்லை. எங்கும் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். கினபாலு உச்சியில், அதாவது 4,095 மீட்டரில், அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்கு அளவே இருக்கும். எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவின் உயரமோ சுமார் 1,450 மீட்டர்தான் என்பதால், அங்கே தினமும் ஏறி இறங்கும் ஆரோக்கியமான ஓட்டுநரின் இரத்தத்தில் பிராணவாயுச் செறிவு சிறிதளவே இறங்கும். அதைப் பயிற்சி என்று சொல்லிக்கொள்ள இயலாது.

உண்மையான உயரத்தில் முதலில் விழித்துக்கொள்வது, கழுத்தின் பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அரிசியளவே உள்ள ஓர் உணர்வுறுப்பு. அது மூளைக்குச் செய்தி அனுப்ப, மூச்சு ஆழமாகிறது. மூச்சு கூடும்போது கரியமிலவாயு அதிகமாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை உயர்வதால், அதுவே மூச்சுக்கு ஒரு தடையாகிவிடுகிறது. சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்னும் காரப்பொருளை வெளியேற்றி அந்தத் தடையைத் தளர்த்தச் சில நாட்கள் பிடிக்கும். மெதுவாக ஏறுங்கள் என்று வழிகாட்டிகள் வற்புறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது இரத்தம். செல்களில் ஹிஃப் என்னும் புரதம் ஓயாமல் உருவாகிக்கொண்டிருக்கிறது. பிராணவாயு போதிய அளவு இருந்தால் உடனுக்குடன் சிதைக்கப்படுகிறது, குறைந்தால் தங்கிவிடுகிறது. இதைக் கண்டறிந்ததற்காகவே வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹிஃப் தங்கும்போது சிறுநீரகம், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டினைச் சுரக்கிறது. இந்தச் சுரப்பு சில மணி நேரத்திலேயே கூடினாலும், சிவப்பணுக்கள் உண்மையில் பெருகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் சில நாட்களில் ஹீமோகுளோபின் கூடியதாகத் தெரிவது பெரும்பாலும் இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்குவதால்தான். ஆகவே இரண்டு நாளில் கினபாலு ஏறித் திரும்புபவருக்குப் புது இரத்தம் ஊறிவிடுவதில்லை. 1997 மே 23 அன்று எவரெஸ்டை எட்டிய நம் நாட்டு மலையேறிகள் மகேந்திரனும் மோகனதாஸும் முகாமுக்கு முகாம் ஏறி இறங்கி வாரக்கணக்கில் காத்திருந்தது இந்த மாற்றங்களுக்கு நேரம் கொடுக்கத்தான். இதற்கும் எல்லை உண்டு. ஆண்டிஸ் மலைவாசிகள் சிலருக்குச் சிவப்பணு அளவுமீறிப் பெருகி இரத்தம் தடித்துப்போவதை, பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1920களிலேயே நோயாக விவரித்துவிட்டார்.

இனி படுக்கைக்கு வருவோம். இரத்த அழுத்தம் பார்க்க வந்த ஓட்டுநர் ஒருவர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். இரத்தத்தின் பிராணவாயுச் செறிவைக் காட்ட விரலில் மாட்டியிருந்த கருவி 96 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்தது. குறட்டை சட்டென்று நின்றது. மார்பும் வயிறும் முயன்று அசைந்தன, தொண்டை அடைத்துக்கொண்டதால் காற்று மட்டும் போகவில்லை. பெரும் செருமலோடு அவர் மூச்சை இழுத்த பிறகுதான் எண் 84 வரை சரிந்தது, பின்பு விறுவிறுவென்று 95-க்கு ஏறியது. நுரையீரலில் நடந்தது விரல் நுனிக்கு வந்துசேரவும் கருவி அதைக் கணக்கிடவும் சில நொடிகள் ஆகும் என்பதால், எண் விழுவதைப் பார்க்கும்போது ஆபத்து ஒரு சுற்று முடிந்திருக்கும்.

பத்து நொடிக்கு மேற்பட்ட இத்தகைய தடைகள் மணிக்கு முப்பதோ அதற்கு மேலோ வந்தால் அது கடுமையான நிலை. இங்கே பற்றாக்குறை நாட்கணக்கில் நிலைப்பதில்லை. நொடிகளில் விழுந்து நொடிகளில் மீள்கிறது. மலையில் கரியமிலவாயு குறைகிறது, இங்கே அது தேங்குகிறது. பிராணவாயு ஒவ்வொரு முறையும் திடீரென்று திரும்பிப் பாய்வதால் செல்களைச் சேதப்படுத்தும் வேதிப்பொருள்கள் உருவாகின்றன. மூளை அரைகுறையாக விழிக்கிறது, நரம்புகள் முடுக்கப்படுகின்றன, இரத்த அழுத்தம் எகிறுகிறது. இரவுதோறும் இப்படி நடந்தால், கழுத்திலுள்ள அந்த உணர்வுறுப்பு மரத்துப்போவதற்குப் பதிலாக மேலும் கூர்மையடைந்து, பிராணவாயு போதிய அளவு இருக்கும் பகலிலும் நரம்புகளைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. மருந்துகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் சிலருக்கு இரத்த அழுத்தம் இறங்காமலிருப்பதற்கு இது ஒரு காரணம். சிவப்பணுவோ பெரும்பாலும் குறிப்பிடும்படி கூடுவதில்லை. பழக்கத்தின் செலவு முழுவதும் இருக்கிறது, வரவு மட்டும் இல்லை.

ஆகவே அப்பா தாமாகத் தேறுவார் என்று காத்திருக்க வேண்டாம். அரசாங்க சுகாதார கிளினிக்கில் சொல்லி, தூக்கப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கூட அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள், ஏனெனில் மூச்சு நிற்பதை நேரில் பார்த்தவர் அவர்தான். முகக்கவசம் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவியைப் பரிந்துரைத்தால், தூங்கும் நேரம் முழுவதும் அதை அணிந்திருக்க வேண்டும். அதுவரை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். படுக்குமுன் சம்சுவோ பீரோ குடிக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். மது தொண்டைத் தசைகளைத் தளர்த்தி ஒவ்வொரு தடையையும் நீளச் செய்கிறது.