இரண்டு சிறு பிள்ளைகளுடன் கோலாலம்பூரில் மூன்று நாள்: எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது?

சிற்றூரில் வசிப்பதாகவும், பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத இரண்டு பிள்ளைகளுடன் மூன்று நாள் தலைநகரில் தங்க எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டு நிலையும் அதுவே. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து, ஐந்து வயது மகன், இரண்டு வயது மகள், முப்பது ஆண்டுகள் ரப்பர் மரங்களைக் கீறிப் பால் எடுத்து ஓய்வு பெற்ற என் மாமியார் ஆகியோருடன் நானும் கணவரும் இருமுறை கோலாலம்பூர் சென்று வந்தோம். முதல் பயணத்தில் செய்த தவறுகள்தாம் இந்தப் பதிலுக்கு அடிப்படை.

பார்க்க வேண்டிய இடங்களை எழுதி வைத்துவிட்டுப் பிறகு ஹோட்டல் தேடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆனால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஹோட்டலே பாதிச் சுற்றுலா என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. என் மகன் அதற்கு முன் மின்தூக்கியில் ஏறியது ஈப்போ மருத்துவமனையில் மட்டுமே. பொத்தானை அழுத்தும் உரிமைக்காக அவன் நடத்திய போராட்டத்தின் முன் இரட்டைக் கோபுரம் எம்மாத்திரம்! ஆகவே தங்கும் இடத்தை முதலில் முடிவு செய்து, காலையில் ஓர் இடம், நண்பகலில் அறைக்குத் திரும்பி உறக்கம், மாலையில் நீச்சல் குளமோ பூங்காவோ என்ற அளவில் நாளை அமைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும் என்பதால், அந்த நேரத்தில் பிள்ளைகள் அறைக்குள் உறங்குவது எவ்வகையிலும் நட்டமில்லை.

நண்பகலில் திரும்ப வேண்டுமானால், ஹோட்டல் இரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும். எங்கள் தேர்வு கேஎல் சென்ட்ரல் இரயில் நிலையத்தை ஒட்டிய பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் விரைவு இரயிலில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக அங்கே இறங்கிவிடலாம். நகருக்குள் ஓடும் எல்ஆர்டி இரயில், பத்துமலைக்குச் செல்லும் கொமியூட்டர் புறநகர் இரயில் ஆகிய இரண்டையும் அதே நிலையத்திலேயே பிடிக்கலாம். இட்லியும் தோசையும் சாலைக்கு அந்தப் பக்கமே கிடைக்கும். அந்தப் பெரிய சாலைக்கு எங்கள் ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தனின் பெயர்தான். பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக அவர் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் என் மாமியாரின் தந்தையும் பங்கு வாங்கியவர். பெயர்ப்பலகையைப் படித்துக் காட்டியதும் மாமியார் அதனடியில் நின்று ஒரு படம் எடுக்கச் சொன்னார். அவர் தாமாகக் கேட்டு எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான்.

அறை விஷயத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும். முதல் பயணத்தில் விலை மலிவு என்று இணையத்தில் நாங்கள் பதிந்த 'குடும்ப அறை'யில் சன்னலே இல்லை. விளக்கை அணைத்தால் நள்ளிரவு, போட்டால் நண்பகல். இரண்டு வேளையிலும் சின்னவள் அழுதாள். மலிவான அறைகளில் இது புதிதன்று, விவரக் குறிப்பின் கடைசி வரியில் அதை எழுதியுமிருந்தார்கள், நாங்கள்தான் படிக்கவில்லை. சன்னல், கட்டில்களின் எண்ணிக்கை, குளம் திறந்திருக்கிறதா என்ற மூன்றையும் பணம் கட்டுமுன் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கு முன் அறை கிடைப்பதரிது. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் பைகளை முகப்பில் ஒப்படைத்துவிட்டு வெளியே செல்லுங்கள், வரவேற்புக் கூடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அறை வாடகையுடன் 8 விழுக்காட்டுச் சேவை வரி சேரும். இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி வெளிநாட்டவருக்குத்தான்; நீங்கள் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். வீட்டுப் பழங்களைக் கொண்டுபோகும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க: டுரியானை வாடைக்காகவும் மங்குஸ்தீனைக் கறைக்காகவும் பல ஹோட்டல்கள் உள்ளே விடுவதில்லை. தண்ணீர் சூடாக்கும் கெண்டி பெரும்பாலும் அறையிலேயே இருக்கும், மைலோவுக்கும் பால்மாவுக்கும் அது போதும். என் மாமியார் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, துப்புரவுப் பணியாளருக்குச் சிரமம் வேண்டாமென்று எல்லாருடைய படுக்கையையும் மடித்து வைத்துவிட்டார். அது வேறு கதை.

முதல் நாள் மாலையை இரட்டைக் கோபுரத்தின் அடியில் கழியுங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து எல்ஆர்டியில் ஐந்தாவது நிலையம். 41, 42ஆம் மாடிகளை இணைக்கும் வான்பாலத்துக்குச் சீட்டு வாங்க வேண்டுமா என்றால், இந்த வயதில் வேண்டாம் என்பதே என் கருத்து. குறித்த நேரத்துக்கு வரிசையில் நிற்கும் பொறுமை இரண்டு வயதுக்கு இருக்காது, அதோடு திங்கட்கிழமைகளில் அது மூடியிருக்கும். கீழே உள்ள 50 ஏக்கர் பூங்காவில் சிறுவர் விளையாட்டுத் திடலும், முழங்கால் அளவு நீரில் ஆடும் குளமும் கட்டணமின்றி இருக்கின்றன. மாற்றுடை இரண்டு செட் எடுத்துப் போங்கள். இருட்டிய பின் ஏரியில் நடக்கும் நீரூற்று ஒளிக்காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பத்துமலைக்கு இரண்டாம் நாள் காலை, வெயில் ஏறுமுன் செல்லுங்கள். கொமியூட்டரில் பெண்களுக்கு மட்டுமான பெட்டி உண்டு. அதில் அவசரத்தில் ஏறி, என் கணவரை அடுத்த பெட்டிக்கு ஓட வைத்தோம். 42.7 மீட்டர் உயர முருகன் சிலையைக் கண்டதும் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், அவசரப்படுத்த வேண்டாம். குகைக் கோயிலுக்கு ஏறும் 272 படிகளில் தள்ளுவண்டி பயன்படாது, சின்னவளைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டுதான் கணவர் ஏறினார். கையில் நெகிழிப் பை இருந்தால் குரங்குகள் விடமாட்டா. படியேற முடியாதவர்கள் இரயில் நிலையத்தை ஒட்டிய இராமாயணக் குகையைப் பார்க்கலாம்; வெளியே நிற்கும் பெரிய அனுமன் சிலை என் மகனுக்கு முருகன் சிலைக்கு நிகராகப் பிடித்துவிட்டது.

மூன்றாம் நாளுக்கு ஏரிப் பூங்காவை ஒட்டிய பறவைப் பூங்கா ஒன்றே போதும். ஏறத்தாழ 21 ஏக்கருக்கு மேலே வலை விரித்திருப்பதால் பறவைகள் நம் காலடியிலேயே திரிகின்றன. அங்கே நடந்து போக முயல வேண்டாம், கிராப் வாடகை வண்டியில் செல்லுங்கள். விலங்குக்காட்சிசாலையையும் அதே பயணத்தில் சேர்க்கும் ஆசை வரும். அது உலு கிளாங்கில், நகருக்கு வெளியே இருப்பதால் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அறையை ஒப்படைக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டு. பறவைப் பூங்காவுக்குப் புறப்படும்போதே கணக்கை முடித்து, முன்பணத்தைத் திரும்பப் பெற்று, பைகளை முகப்பில் விட்டுச் செல்வது நல்லது. திரும்பும் இரயிலைப் பிற்பகல் மூன்று மணியளவில் பதிந்தால் பிள்ளைகள் ஈப்போ வரை உறங்கிவிடுவார்கள். பெட்டிக்குள் குளிர் கடுமை, கம்பளிச் சட்டையைப் பெரிய பைக்குள் புதைத்துவிடாதீர்கள். பள்ளி விடுமுறையில் சீட்டுகள் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், ஹோட்டலைப் பதியும் அன்றே போகவும் வரவும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.