மே/பா டீக்கடை

கேள்வி: சென்னிமலைப் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். நான் இரண்டு வருசமாக பெட்ஷீட், துண்டு, தலையணை உறை எல்லாம் ஆன்லைனில் விற்கிறேன். ஜிஎஸ்டி பதிவு இந்தச் சாளை (தோட்டத்து வீடு) முகவரியில்தான்; கரண்டு பில் மாமனார் பேரில். வலசு, பிரிவு, மேல்தோட்டம் என்று முகவரி நீண்டுகொண்டே போவதால் கூரியர்காரர்கள் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள். போன மாதம் பெட்ஷீட் சாயம் போகிறது என்று ஒருவர், பில்லில் இருந்த முகவரியைப் பிடித்து ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் வந்து நின்றார். வீட்டுக்காரர் தறிக்குடோனில் இருந்தார். நாய் இருந்ததால் தைரியம். கோயமுத்தூரில் ‘விர்ச்சுவல் ஆபீஸ்’ என்று, அறை இல்லாமல் முகவரியை மட்டும் வருசம் 9,000 ரூபாய்க்குத் தருகிறார்களாம். ஜிஎஸ்டியையும் அங்கேயே மாற்றிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அம்மிணி, நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துக்கும் முகவரி கிடையாது. கடுதாசி எல்லாம் ‘மே/பா’ (மேல்பார்வை) போட்டு, பெரிய ரோட்டிலிருந்து வழி பிரிகிற பிரிவில் இருந்த டீக்கடைக்குத்தான் வரும். கடைக்காரர் அதைச் சர்க்கரை டப்பா மேலே வைத்திருப்பார். தந்தி வந்தால் மட்டும் பாய்லரை விட்டுவிட்டு அவரே சைக்கிளை எடுப்பார். “ஏனுங்க, ஊட்ல ஆருங்க, தந்தி வந்திருக்குதுங்க” என்று வரப்பிலிருந்தே சத்தம் கேட்கும். பிறகு திருப்பூரில் நான் கணக்கெழுத வந்த காலத்தில், பனியன் கம்பெனிகளின் லெட்டர் பேடில் ‘த.பெ. எண்’ (தபால் பெட்டி எண்) இருக்கும். தலைமைத் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி, ஒரு சாவி; காலையில் பையன் போய்த் திறந்து அள்ளிவருவான். நீங்கள் சொல்லும் விர்ச்சுவல் முகவரி இந்த இரண்டுக்கும் பேரன். அதனால் அது மோசடி என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். கடிதம் வாங்கி வைக்க ஓர் ஆள், அவ்வளவுதான். அதற்கு மேல் வேலை வாங்கப் பார்க்கும்போதுதான் வில்லங்கம்.

ஏஜென்ட் ஏன் ஜிஎஸ்டியை மாற்றச் சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது. உங்கள் ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் தட்டினால் முதன்மை வணிக இடம் எவர் கண்ணுக்கும் தெரியும். பில்லிலும் விற்பவரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மூன்றும் இருந்தாக வேண்டும். கோயமுத்தூருக்கு மாற்றிவிட்டால் உங்கள் வாசல் மறைந்துவிடும். ஆனால் தறி இங்கே, சரக்கு இங்கே, மடித்துக் கட்டுவது இங்கே, கணக்கு நோட்டு இங்கே. கோயமுத்தூரில் என்ன இருக்கும்? நாற்பது பேரோடு சேர்ந்து ஒரு பலகையில் உங்கள் பேர்.

என் மச்சான் ஒருத்தர் இதைச் செய்து பார்த்தார். அனுப்பர்பாளையத்தில் வீட்டிலேயே துணி வியாபாரம். வெளியூர்ப் பார்ட்டிகளுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று கோயமுத்தூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்து முகவரியை எடுத்து, ஜிஎஸ்டியை அங்கே மாற்றினார். ஒருநாள் அதிகாரி நேரில் பார்க்கப் போயிருக்கிறார். முன்மேசையில் இருந்த பெண் புதுசு. “அப்படி ஒரு கம்பெனி இங்க இருக்குதுங்களா?” என்று அந்த அதிகாரியையே திருப்பிக் கேட்டிருக்கிறது! அவர் நாலு போட்டோ எடுத்து அறிக்கையோடு ஏற்றிவிட்டுப் போய்விட்டார். பிறகு பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நோட்டீஸ். பதில் சொல்ல 7 வேலை நாள்.

நோட்டீஸ் மச்சானுக்கு வரவே இல்லை. பதிவில் இருந்த இமெயிலும் செல்போன் எண்ணும் ஏஜென்டுடையது. ஏஜென்ட் அந்த வாரம் பழனிக்குப் பாதயாத்திரை. தபாலில் வந்தது அந்தக் கட்டடத்து மேசை டிராயரில் கிடந்தது. இமெயிலிலோ தளத்திலோ போட்டாலே நோட்டீஸ் கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பதிவு ரத்தான பிறகுதான், வாங்குகிற பார்ட்டி ஒருவர் போன் பண்ணி, “உங்க நம்பர் செத்துப் போச்சுங்களே” என்றாராம். வாங்கும்போது கட்டிய வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் ‘வரி வரவு’ கிடைக்காதே என்று நாலு பேர் பணத்தை நிறுத்தி வைத்தார்கள். ரத்தை நீக்கக் கோர இன்றைக்கு 90 நாள் அவகாசம் உண்டு; அன்றைக்கு 30 நாள்தான். ஓடி ஓடி மீட்டோம். முகவரி கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் தபால் வாங்கத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இமெயில் சங்கதியில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் இன்றைக்கே தளத்தில் நுழைந்து, அங்கே இருப்பது உங்கள் செல்போன் எண்தானா என்று பாருங்கள்.

உங்கள் விசயத்துக்கு வருகிறேன். சென்னிமலை ஊருக்குள்ளோ பெருந்துறையிலோ உங்கள் அண்ணன், சித்தப்பா யாராவது கடை வைத்திருக்கிறார்களா? மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தால் போதும். கடைக்காரரின் சம்மதக் கடிதமும் கரண்டு பில் நகலும் கொடுத்து அதை முதன்மை இடமாக்குங்கள்; வாடகைக்கு என்றால் ஒப்பந்தமும் பில் நகலும். தோட்டத்தைக் கூடுதல் வணிக இடமாக வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு இருக்கும் இடம் பதிவில் இல்லாமல் போகக் கூடாது. இடம் மாறினால் 15 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு நிபந்தனை: பேருக்கு அறை எடுத்துவிட்டுப் பூட்டி வைக்காதீர்கள். வாரம் நாலு நாளாவது அங்கே உட்கார்ந்து பொட்டலம் கட்டுங்கள், கணக்கு நோட்டும் கம்ப்யூட்டரும் அங்கே இருக்கட்டும். கூரியர்காரர் அங்கேயே வந்து எடுத்துக்கொள்வார். சாயம் போன பெட்ஷீட்டோடு வருகிறவரும் பகலில், நாலு பேர் நடமாடும் கடைவீதியில் வந்து சண்டை போடட்டும். (சாயம் நிஜமாகவே போகிறதா என்று ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்துவிடுங்கள். அது என் பாடம் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.)

முகவரியே இல்லாமல் விற்க வழி இல்லையா என்று கேட்பீர்கள். பொட்டலப் பொருள் விதிகள் (2011) உறையின் மேல் தயாரிப்பவர் அல்லது கட்டுபவரின் முழு முகவரியைக் கேட்கின்றன. சொந்தமாக இணையதளம் வைத்து விற்றாலும், 2020-ல் வந்த இ-வணிக நுகர்வோர் விதிகள் முகவரியைக் காட்டச் சொல்கின்றன. காசு வாங்கியவர் எங்கே இருக்கிறார் என்று பொருள் வாங்கியவருக்குத் தெரியட்டும் என்பதுதான் அதன் நியாயம். ராத்திரி ஒன்பது மணி அதில் சேராது. மறுபடி வந்தால் கதவைத் திறக்காமல் 100-க்கு அடியுங்கள்.

தோட்டத்துக்கு வழி தெரியாத சங்கடம் வேறு. பிரிவில் ஒரு பலகை வைத்திருக்கிறீர்களா? வணிக இடத்து வாசலில் பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண் எழுதியிருக்க வேண்டும், சான்றிதழ் உள்ளே கண்ணில் படும்படி தொங்க வேண்டும் என்பது எப்படியும் விதி. வாசலில் வைப்பதோடு, அம்புக்குறி போட்டுப் பிரிவிலும் ஒன்று வைத்துவிடுங்கள். செல்போனில் இடக்குறி (லொகேஷன்) அனுப்பிப் பழகுங்கள். அஞ்சல் துறை 2025-ல் டிஜிபின் என்று 10 எழுத்துக் குறியீடு கொண்டுவந்திருக்கிறது. நாட்டை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. உங்கள் சாளைத் திண்ணைக்கே தனிக் குறியீடு உண்டு. கூரியர் பையன் நாளைக்கே அதைக் கேட்பான் என்று சொல்ல வரவில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் கோயமுத்தூர் முகவரி வேண்டும் என்றால், கடிதப் போக்குவரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு பயம் உண்டு. செக் திரும்பின வழக்கு நோட்டீஸ் மாதிரி சிலவற்றில், சரியான முகவரிக்குப் பதிவு செய்து தபாலில் போட்டாலே போய்ச் சேர்ந்ததாகத்தான் முதலில் கணக்கு. வரவில்லை என்று நிரூபிப்பது உங்கள் தலையில். நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும் என்கிற இடத்தில், டிராயரில் பத்து நாள் தூங்கினால் என்ன ஆகும்?

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பஸ் ஏறுங்கள். மத்தியானம் மூன்று மணிக்கு, சொல்லாமல் போங்கள். அந்தப் பலகையில் மூன்றாவதாக இருக்கிற கம்பெனியின் பேரைச் சொல்லி, “இவுங்களுக்கு ஒரு லெட்டர் கொண்டாந்திருக்கறேன், ஆர்கிட்டக் குடுக்கறதுங்க?” என்று கேளுங்கள். உடனே நோட்டை எடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கி, பார்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பத் தயாரானால் நல்ல இடம். “வெச்சுட்டுப் போங்க” என்று மேசையின் ஓரத்தைக் காட்டினால், உங்கள் ஒன்பதாயிரத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: நானும் நண்பனும் சேர்ந்து டிசைன் வேலைக்குப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆரம்பித்திருக்கிறோம். வேலை முழுக்க லேப்டாப்பில். எங்களுக்கும் நிஜ ஆபீஸ் வேண்டுமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: சரக்கு இல்லாத உங்களுக்கு விர்ச்சுவல் முகவரி ஓரளவு பொருந்தும் தம்பி. ஆனால் கம்பெனிச் சட்டம் 2013-ன் 12-ம் பிரிவைப் படித்துவிடுங்கள். கம்பெனியின் பதிவு அலுவலகம் என்பது கடிதங்களை வாங்கி ஒப்புகை தரும் நிலையில் எப்போதும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கம்பெனிப் பதிவாளர் நேரில் ஆள் அனுப்பிப் பார்க்கலாம். தவறினால் நாளுக்கு 1,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் ஒரு லட்சம். வீடு சொந்தமோ அப்பா பேரிலோ இருந்தால், அங்கேயே வைத்துக்கொள்வது செலவில்லாத வழி. வெளியே கம்பெனிப் பெயரும் முகவரியும் எழுதிய பலகை வேண்டும். இங்கிலீசில் மட்டும் எழுதினால் போதாது, உள்ளூர் எழுத்திலும் இருக்க வேண்டும். டிசைன் கம்பெனிதானே, தமிழ் எழுத்தைக் கொஞ்சம் அழகாகவே போடுங்கள்.