பாபிலோனிய முத்திரைக் கற்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பாபிலோனிய முத்திரை ஒன்றைக் கண்டேன். எட்டுப் பட்டை தீட்டிய சிறு கூம்புக் கல். அடிப்பக்கத்தில் தாடி வைத்த ஒருவர் கைதூக்கி நிற்கிறார், எதிரே பீடத்தில் இரண்டு கம்புகள். பாபிலோனியருக்கு முந்தைய அக்காடியர் காலத்து, களிமண்ணில் உருட்டிப் பதிக்கும் உருளை முத்திரைகளில் தசைத்திரட்சிகூடத் தெரிகிறது. இதிலோ மனிதன் வெறும் குழியும் கோடும்தான். கலை தேய்ந்துவிட்டதா?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

அந்தக் கம்புகளில் ஒன்று பாபிலோனின் தலைமைத் தெய்வமான மர்தூக்கின் மண்வெட்டி, மற்றது அவர் மகனும் எழுத்தின் தெய்வமுமான நாபுவின் எழுத்தாணி. கி.மு. 7, 6ஆம் நூற்றாண்டுகளில் தெய்வத்தை உருவமாகச் செதுக்காமல் அதன் கருவியை மட்டும் பீடத்தில் நிறுத்துவது பெருவழக்காக இருந்தது.

குழிகளுக்குக் காரணம் கல். இவ்வகை முத்திரைகளுக்குப் பயன்பட்ட கால்செடனி, எஃகுக் கத்திக்கும் கீறல் விழாத, குவார்ட்ஸ் வகைக் கல் என்பதால், சாணைப்பொடி தூவிச் சுழலும் துளைப்பானால் குழித்தும் சிறு சக்கரத்தால் கோடிழுத்தும்தான் அதில் வேலை செய்ய முடியும். தலைக்கு ஒரு குழி, தோளுக்கு ஒன்று, அங்கிக்குச் சில கோடுகள் என்று செதுக்கி, தடத்தை இழைக்காமல் விட்டுவிட்டார்கள். அதே ஆயிரத்தாண்டில் அந்தத் தடமே தெரியாதபடி இழைத்த கால்செடனி உருளைகளும் பாபிலோனியாவில் உருவாகியிருப்பதால், கை மழுங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. விரைவாக, பலருக்காகச் செய்த வேலை இது என்றே நான் கொள்கிறேன்.

உருளை முற்றாக மறையவில்லை என்றாலும், நீங்கள் பார்த்ததைப் போல அழுத்திப் பதிக்கும் அச்சு முத்திரை மீண்டும் பரவியதற்கு அரமேய மொழியை முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். அதைக் களிமண் பலகையில் அல்லாமல் தோலிலும் பாப்பிரஸ் என்னும் நாணல் தாளிலும் எழுதிச் சுருட்டிக் கயிறு கட்டி, முடிச்சின்மேல் அப்பிய களிமண் உருண்டையில் உருளையை உருட்ட இடமேது? ஒரே அழுத்தில் பதிவதுதான் அங்கே தோது. தவிரவும், நீங்கள் பார்த்தது கல்லை. அதன் உரிமையாளர் பார்க்க விரும்பியது ஈரக் களிமண்ணில் குழிகள் மேடாகப் புடைத்தெழும் உருவத்தை.

பாபிலோனியர் ஒவ்வொருவரிடமும் முத்திரை உண்டு என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அது மிகை. பாபிலோனியாவின் நிப்பூர் நகரில் 1893இல் கிடைத்த, முராஷு என்ற வணிகக் குடும்பத்தின் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் களிமண் கணக்குப் பலகைகளில், முத்திரை பதித்தவர்களின் பெயர் பதிவின் அருகிலேயே ஆப்பெழுத்தில் இருக்கிறது. முத்திரை இல்லாதவர்களும் அவற்றில் இருக்கிறார்கள்: களிமண் விளிம்பில் பிறைபோல் அழுந்திய நகத்தடம், பக்கத்தில் ‘முத்திரைக்குப் பதிலாக இன்னாரின் நகம்’ என்ற குறிப்பு.